ஒரு டம்ளர் தண்ணீர்

நூற்று எண்பத்தேழு மணி நேரம்.

தடுப்பு மருந்து நிரோஷாவின் உடம்புக்குள் நுழைந்ததிலிருந்து அவருடைய வலது கைச் சுண்டுவிரல் மரத்துப்போகும் வரைக்கும் ஆன நேரம் அது. ஒரு மணி முன்னே பின்னே இருக்கலாம். நறுமுகை மூன்று தடவை கணக்குப் போட்டாள். மூன்று தடவையும் விடை மாறவில்லை.

ஆனால் நிரோஷா ஊசியே போட்டுக்கொண்டதில்லை. வழக்கு இத்தனை மாதம் இழுத்ததற்குக் காரணமே அதுதான்.

இழப்பீட்டு மன்றத்தின் சமரச அறை திருப்பூரில் ஒரு பழைய ஜவுளி வளாகத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் கம்பெனி வேன்களின் ஹாரன், மூடினால் புழுக்கம். ஓய்வுபெற்ற நீதிபதி ஷாலினி மேரி திறந்தே இருக்கட்டும் என்றார். நாகர்கோவில்காரர். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

"இங்க பேசுறது இந்த நாலு சுவரைத் தாண்டாது. யாரு என்ன சொன்னாங்கன்னு ஒரு வார்த்தை வெளிய போகாது. முடிவு மட்டுந்தான் போகும். எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்றார்.

எல்லோரும் தலையாட்டினார்கள்.

மேசைக்கு இந்தப் பக்கம் நிரோஷா. நாற்பத்தாறு வயது. பதினெட்டு வருடம் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். அவருடைய இரண்டு கைகளும் மடியில், யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரிக் கிடந்தன. பக்கத்தில் சஸ்மிதா. ஒடிசாவிலிருந்து வந்து ஓவர்லாக் தைக்கிற பெண். நிரோஷாவின் வீட்டு மாடியில் அவளோடு சேர்த்துப் பதினான்கு பெண்கள் தங்கியிருந்தார்கள். மனுவைப் போட்டதும் அவர்கள்தான். ஒரே வீட்டில் இருப்பவர் யார் வேண்டுமானாலும் போடலாம் என்று சட்டம் இருந்தது. "எனக்கெதுக்கு இதெல்லாம்" என்று நிரோஷா ஆறு மாதம் தட்டிக் கழித்தார். அவர்கள் கேட்கவில்லை.

எதிர்ப்பக்கம் கௌஷிக். மருந்து நிறுவனத்தின் வழக்கறிஞர், சென்னையிலிருந்து காலை ரயிலில் வந்தவர். மூலை நாற்காலியில் தர்ஷன், கூரியர் வேலை பார்க்கிறவன். முப்பது வயதுகூட இருக்காது. உட்கார்ந்த நேரத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

நறுமுகை மன்றத்தின் அறிவியல் விளக்குநர். இரண்டு தரப்புக்கும் புரிகிற மாதிரித் தமிழில் சொல்லுவது மட்டுமே அவளுடைய வேலை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். அந்த வேலையை அவள் தேடிப்பிடித்ததே அதற்காகத்தான்.

"மொதல்லேர்ந்து சொல்லும்மா," என்றார் நீதிபதி.

"நீலக் காய்ச்சல் மருந்த எல்லாருக்கும் ஊசியாப் போடறதில்லீங்க," என்று நறுமுகை தண்ணீர் பாட்டிலைப் பார்த்துச் சொன்னாள். "நூறு பேருக்கு ஒருத்தருக்குப் போடுவோம். அவங்க..."

"சத்தமாச் சொல்லு கண்ணு," என்றார் நிரோஷா. "பாட்டிலுக்கா வெளக்கஞ் சொல்றே? அது ஏற்கெனவே படிச்ச பாட்டிலு."

சஸ்மிதா களுக்கென்று சிரித்தாள். நறுமுகைக்குக் காது சூடானது. ஆனால் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

"ஊசி போட்டுக்கறவங்க விதைக்காரங்க. வலுவிழந்த கிருமி அவங்க மூச்சுல ஒம்போது நாளைக்கு வரும். பக்கத்துல இருக்கறவங்களுக்கு அது தொத்தும். லேசா ஒரு நாள் உடம்பு சுடும், அப்புறம் நீலக் காய்ச்சல் அவங்களை அண்டாது. அதனால விதைக்காரங்க வீடு வீடாப் போயி, உக்காந்து பேசி, சாப்பிட்டுட்டு வருவாங்க."

"ஊரைக் காப்பாத்தறதுக்குச் சாப்பிடுற வேலை," என்றார் கௌஷிக். "எனக்குக் கிடைக்கல."

"கெடச்சா தெரியும்ங்க. ஒரு நாளைக்கு எட்டு வீட்டுச் சோறு," என்றார் நிரோஷா. "பாவம், ஒம்போதாம் நாளு வயித்தைப் புடிச்சுட்டுத்தான் திரிவாங்க."

தர்ஷனின் உதட்டோரம் லேசாக அசைந்து அடங்கியது.

"சில பேருக்கு அந்தக் கிருமி ஆகாதுங்க," என்று நறுமுகை தொடர்ந்தாள். "அக்கா மூட்டு வீக்கத்துக்கு மாத்திரை எடுக்கறாங்க. அந்த மாத்திரை உடம்போட எதிர்ப்பைக் கொறைக்கும். வலுவிழந்த கிருமி சீக்கிரம் போகாம உள்ளயே தங்கிரும். கடைசியில உடம்பு கொழம்பிப் போயி, கிருமிய விட்டுட்டு நரம்பைத் தாக்க ஆரம்பிச்சுரும். அப்படி ஆளு இருக்கற வீட்டு வாசல்ல மஞ்சள் அட்டை ஒட்டியிருப்பாங்க. விதைக்காரங்க அந்த வீட்டுக்குள்ள போகக் கூடாது."

"அக்காவுக்கு வந்தது மருந்துக் கிருமிதான்னு உறுதியா?" என்றார் நீதிபதி.

"உறுதிங்கம்மா. ஒவ்வொரு ஊசிக்கும் தனி முத்திரை இருக்கு. அக்கா ரத்தத்துல இருக்கறது தர்ஷன் போட்டுக்கிட்ட ஊசியோட முத்திரை. வெள்ளிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு, துணி வெட்டிட்டு இருக்கறப்ப விரல் மரத்துச்சு. ரத்தத்துல கிருமி பெருகியிருந்த அளவை வெச்சுக் கணக்குப் போட்டா, அதுல இருந்து நூத்தி எண்பத்தேழு மணி நேரம் பின்னால, முந்தின வாரம் வியாழக்கிழமை சாயந்தரம் ஏழு மணி."

"அன்னைக்கு ஏழரைக்கு நாங்க ஷிப்ட் முடிஞ்சு வந்தப்ப அவுரு ஹால்ல உக்காந்து சோறு தின்னுட்டு இருந்தாருங்க," என்றாள் சஸ்மிதா. அவளுடைய தமிழில் ஒடிசா எங்கோ அடியில் கிடந்தது. மேலே முழுக்க திருப்பூர். "நாங்களும் கூடவே உக்காந்து தின்னோம். அக்காதான் தட்டை எடுத்துட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டாங்க. அந்த வாரம் பூரா அங்கதான் படுத்தாங்க, மார்கழிப் பனியில. கேட்டா புழுக்கமா இருக்குதுன்னாங்க."

"உனக்கு வாய் நீளம்," என்றார் நிரோஷா.

நறுமுகை நிமிர்ந்து பார்த்தாள். கௌஷிக் கைக்கணினியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். மார்கழியில் புழுக்கம் என்பது அவர் காதில் விழவில்லை.

"அந்தப் பதினாலு பேரும்?" என்றார் நீதிபதி.

"பதினாலு பேர் ரத்தத்துலயும் அதே முத்திரைதாங்க. அந்த வியாழக்கிழமையில இருந்து பதினெட்டாம் நாள் அந்தத் தெருவுக்கு நீலக் காய்ச்சல் வந்துச்சு. எதுத்த விடுதியிலயும் ஒரு மஞ்சள் அட்டை இருந்துச்சு. அங்க விதைக்காரங்க போகல." நறுமுகை நிறுத்தினாள். "அங்க ஆறு பொண்ணுங்க செத்துட்டாங்க."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

"அட்டை போட்ட வீட்டுல மத்தவங்களுக்கு வழியே இல்லையா?"

"இருக்குதுங்க. ரெண்டு வாரம் சொந்தக்காரங்க வீட்டுல போயித் தங்கி, அங்க வாங்கிக்கலாம்னு விதி."

"சொந்தக்காரங்க புவனேஸ்வரத்துல இருக்காங்க," என்றாள் சஸ்மிதா. "கம்பெனியில ஒரு நாள் லீவு கேட்டாலே சூப்பர்வைசர் மூஞ்சி கோணிக்கும்."

கௌஷிக் தொண்டையைச் செருமினார். கெட்டவரில்லை அவர். நிரோஷாவின் கண்ணைப் பார்த்துப் பேசினார். "மேடம், நான் நேராவே சொல்லிடுறேன். மூணு வழிதான் இருக்கு. மருந்துல கோளாறுன்னா எங்க கம்பெனி பொறுப்பு. மருந்துல கோளாறு இல்லன்னு மன்றத்து விளக்குநரே சொல்லிட்டாங்க. விதைக்காரர் அட்டையை மதிக்காம உள்ள போனார்னா அவர் பொறுப்பு. அப்பவும் உங்களுக்குச் சேர வேண்டியது சேரும், அரசாங்கம் உடனே கொடுத்துடும். அவர் மூணு வருஷம் காய்ச்சல் முகாம்ல வேலை செய்யணும். வீட்டுக்கு வர முடியாது. மூணாவது, அட்டையை வீட்டுல இருக்கவங்களே எடுத்திருந்தா யாருக்கும் பொறுப்பில்ல. மனு தள்ளுபடி. சுகாதாரப் பணியாளர் புதன்கிழமை பார்த்திருக்காங்க, அட்டை இருந்திருக்கு. சனிக்கிழமையும் இருந்திருக்கு. மிஸ்டர் தர்ஷன், வியாழக்கிழமை நீங்க பார்த்தீங்களா?"

"ஞாபகம் இல்லீங்க."

"ரெண்டு வருஷமா இதே பதில்."

"ஞாபகம் இல்லீங்க," என்றான் தர்ஷன் மறுபடியும்.

நீதிபதி பத்து நிமிடம் இடைவெளி விட்டார்.

நடைபாதையில் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் தர்ஷன் நின்றிருந்தான். கைபேசியில் ஒரு குழந்தையின் படம் வந்தது, பல் இல்லாத சிரிப்பு. அவன் அதை அணைத்துவிட்டு நறுமுகையிடம் கேட்டான்.

"அந்தக் கையுறைன்னு சொல்றாங்களே. அதைப் போட்டா நெசமாவே அக்கா விரல் ஆடுமாங்க?"

"ஆடும்ங்க. முழங்கைகிட்ட நரம்பு இன்னும் உசுரோட இருக்கு. அங்கிருந்து வாங்கி விரலுக்குக் கடத்தும். தொட்டா சூடு, சொரசொரப்புக்கூடத் தெரியும்."

"காசு போட்டு வாங்க முடியாதுங்களா?"

"தனியா விக்கறதில்லீங்க. இழப்பீட்டுல மட்டுந்தான் தருவாங்க. ஆயுசு முழுக்க அவங்களே பராமரிக்கணும், அதனால."

"சரிங்க," என்றான். டம்ளரைக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனான்.

மறுபடி எல்லோரும் உட்கார்ந்ததும் அவன் எழுந்து நின்றான்.

"அட்டை இருந்துச்சுங்க. பாத்தேன்."

கௌஷிக்கின் விரல்கள் நின்றன. "பார்த்துட்டுமா போனீங்க?"

"ஆமாங்க. அன்னைக்குக் கடைசி நாளு. அலைஞ்ச அலைச்சல்ல பசி. கறிக்கொழம்பு வாசம் தெரு வரைக்கும் வந்துச்சு. போயிட்டேன்."

"யாராவது கூப்பிட்டாங்களா?"

"யாருங் கூப்புடலீங்க. நானாத்தான் உள்ள போனேன்."

அந்த இடத்தில்தான் நறுமுகைக்குப் பொய் பிடிபட்டது.

திருப்பூரில் எந்த விதைக்காரரும் தானாக ஒரு வீட்டுக்குள் போனதில்லை. திட்டம் தொடங்கிய முதல் மாதம், கிருமியைக் கொண்டுவருகிறார்கள் என்று சொல்லிச் சில தெருக்களில் கல்லெறிந்தார்கள். இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. அதற்கப்புறம் ஒரு வழக்கம் வந்தது. விதிகளில் அது கிடையாது. எந்த அலுவலகமும் அதைச் சொல்லவில்லை. விதைக்காரர் தெருவிலேயே நிற்பார். வீட்டுக்காரம்மா வாசலுக்கு ஒரு டம்ளர் தண்ணீரோடு வருவார். "ஆகாதவங்க யாராச்சும் இருக்கறீங்களா?" என்று விதைக்காரர் கேட்பார். "எல்லாருஞ் சொகம், வாங்க" என்று வீட்டுக்காரம்மா தன் கையால் தண்ணீரைக் கொடுப்பார். அதை வாங்கிக் குடித்துவிட்டுத்தான் விதைக்காரர் வாசற்படியைத் தாண்டுவார். அனுப்பர்பாளையத்தில் நறுமுகையின் அம்மாவும் அப்படித்தான் கொடுத்தார். வேறு யாரும் கொடுக்க முடியாது. கொடுத்தாலும் விதைக்காரர் வாங்க மாட்டார்.

நாகர்கோவில் நீதிபதிக்கு இது தெரியாது. சென்னை வழக்கறிஞருக்கும் தெரியாது. வாடகை அறைகளிலேயே இருந்துவந்த சஸ்மிதாவுக்கும் தெரியாது; தண்ணீர் கொடுக்கிற நேரத்தில் அவள் எப்போதும் தையல் மெஷினில்தான் இருந்திருக்கிறாள்.

நறுமுகை தர்ஷனைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தான். நிரோஷாவைப் பார்த்தாள். நிரோஷா தர்ஷனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யாராவது கேட்டால் சொல்ல வேண்டும். கேட்டதற்குப் பதில், அதுதான் வேலை. யாரும் கேட்கவில்லை. கேட்டுவிடக் கூடாதே என்று நறுமுகை வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டிக்கொண்டாள்.

"அப்ப பிரச்சினை முடிஞ்சது," என்றார் கௌஷிக். அவருக்கே நிம்மதியாக இருந்தது தெரிந்தது. "மேடம், கைரேகை வைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. மாதிரிக்கு ஒரு கையுறை கொண்டு வந்திருக்கேன். போட்டுப் பாருங்க. என்ன கிடைக்கப் போகுதுன்னு தெரியணும் இல்லையா?"

சாம்பல் நிறத்தில், தோல் மாதிரி மெல்லியதாக இருந்தது அது. சஸ்மிதா அதை நிரோஷாவின் வலது கையில் ஒவ்வொரு விரலாக நுழைத்து முழங்கை வரை இழுத்துவிட்டாள். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு சுண்டுவிரல் மடங்கியது.

நிரோஷா மூச்சை உள்ளே இழுத்தார்.

மோதிரவிரல் மடங்கியது. நடுவிரல். கட்டைவிரல் வந்து ஆள்காட்டி விரலைத் தொட்டது. நிரோஷா கையை நீட்டி, மேசைக்கு மேலே கிடந்த கௌஷிக்கின் சட்டைக் கையின் நுனியை இரண்டு விரலால் பிடித்து உருட்டிப் பார்த்தார்.

"இன்டர்லாக் துணி. சாயம் நல்லாருக்குது. ஆனா வெட்டுனவன் துணியக் கோணலா விரிச்சிருக்கறான் தம்பி, நாலு தடவை தொவைச்சா இந்தக் கை முறுக்கிக்கும். எவ்வளவுக்கு வாங்குனீங்க?"

"ரெண்டாயிரத்து எண்ணூறு."

"ஐயோ சாமி."

எல்லோரும் சிரித்தார்கள். தர்ஷன்கூட. சஸ்மிதாவுக்குச் சிரிப்பு அழுகையாகிவிட்டது. நிரோஷா அவள் பக்கம் திரும்பி, முன்னால் அவிழ்ந்து கிடந்த அவளுடைய பின்னல் நுனியை மடியில் போட்டு, சாம்பல் விரல்களால் மெல்ல ரப்பர் பேண்டை இறுக்கிவிட்டார். இரண்டு வருடமாக அவருக்குத் தலை சீவி விட்டவள் அவள்தான். ஊட்டிவிட்டவளும் அவள்தான்.

"அக்கா," என்றாள் சஸ்மிதா. கண்ணைத் துடைத்துக்கொண்டு தர்ஷன் பக்கம் திரும்பினாள். அவளுடைய குரல் மாறியது. "உங்களுக்கு வெக்கமா இல்லீங்களா? கறிக்கொழம்பு வாசத்துக்கா எங்கக்கா கையை எடுத்துட்டீங்க? ரெண்டு வருஷம் வாயத் தொறக்காம இருந்தீங்களே! உங்க வீட்டுப் பொம்பளைக்கு இப்படி ஆகியிருந்தா?"

"ஆமாங்க," என்றான் தர்ஷன். "தப்புத்தானுங்க."

"தப்பாம்! மூணு வருஷம் பத்தாதுங்க இவருக்கு."

தர்ஷன் அதற்கும் தலையாட்டினான். கைகளை முன்னால் கட்டிக்கொண்டு, வாங்க வேண்டியதை வாங்க வந்தவன் போல நின்றான். சட்டைப் பையில் கைபேசி ஒளிர்ந்தது. அவன் எடுத்துப் பார்க்கவில்லை.

கௌஷிக் கைரேகைப் பலகையை நிரோஷாவின் பக்கம் நகர்த்தினார். பச்சை விளக்கு எரிந்தது.

நிரோஷா அதைப் பார்க்கவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்களை ஒரு தடவை முழுக்க விரித்தார். ஒரு தடவை முழுக்க மூடினார். நறுமுகை மனதுக்குள் கெஞ்சினாள்: ரேகைய வெச்சுருங்கக்கா, வெச்சுருங்க.

"சஸ்மி," என்றார் நிரோஷா. "கீழ போயி எல்லாத்துக்கும் டீ வாங்கிட்டு வா சாமி."

"இப்பவாக்கா? இதை முடிச்சுட்டு..."

"இப்பத்தான். பேக்கரிக்காரன்கிட்ட வேண்டாம், அவன் டீ கழனித் தண்ணி. முக்குக் கடைக்குப் போ. மெதுவா வா."

சஸ்மிதா முனகிக்கொண்டே போனாள். கதவு சாத்திக்கொண்டது. மூன்று மாடிப் படிகளிலும் அவளுடைய செருப்புச் சத்தம் இறங்கி ஓயும்வரை நிரோஷா காத்திருந்தார்.

"கண்ணு," என்று நறுமுகையிடம் கையை நீட்டினார். "இதைக் கழட்டி விடு."

நறுமுகை அசையவில்லை.

"கழட்டு. பேசாத பொண்ணுங்களுக்குத்தான் எல்லாம் மொதல்ல தெரியும். உனக்குத் தெரிஞ்சது எனக்கும் தெரியுது."

நறுமுகை எழுந்து வந்தாள். முழங்கையிலிருந்து உருட்டி, விரல் விரலாக உருவினாள். கையுறை வெளியே வந்ததும் அந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து அவளுடைய உள்ளங்கையில் சாய்ந்தன. சூடாக இருந்தன. அவளுக்கு அந்தக் கையைக் கீழே விட மனம் வரவில்லை.

"அக்கா, வேண்டாங்க," என்றான் தர்ஷன். "நான்தான் சொல்லிட்டனே. விட்டுருங்க."

"நீ சும்மா இரு தம்பி. என்ற வீட்டுக்கு ஒறம்பரையா, விருந்தாளியா வந்தவன் நீ. உன்னைப் பொய் சொல்ல வெச்சது போதும்."

"என்னம்மா விஷயம்?" என்றார் நீதிபதி.

"இது அந்தப் புள்ளைங்க காதுக்குப் போகக் கூடாதுங்க. அவங்களாலதான்னு நெனச்சுட்டா அப்பறம் ஒருத்தியும் நிம்மதியாச் சோறு திங்க மாட்டா. நாலு சுவரைத் தாண்டாதுன்னு சொன்னீங்களே, நெசந்தானுங்களே?"

"நிஜம்தான்."

நிரோஷா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டாக்டர் எனக்கு ஆகாதுன்னு சொன்னது நல்லா ஞாபகம் இருந்துச்சுங்க. அன்னைக்கு அட்டையக் கழட்டி வெச்சு, மறுநாளு திரும்ப ஒட்டுனது நான். தெருவுல நின்ன இந்தத் தம்பி, ஆகாதவங்க யாராச்சும் இருக்கறீங்களான்னு கேட்டுச்சு. எல்லாருஞ் சொகம், வாங்கன்னு சொல்லித் தண்ணி குடுத்தது இந்தக் கைதானுங்க."